இரண்டு விரற்கடை

பட்டாணி மூச்சை அடக்கிக்கொண்டு நின்றாள். டைலரக்கா ஜிப்பை இழுத்துப் பார்த்தாள்; அது பாதி முதுகில் நின்று அடம்பிடித்தது.

"காலைலேருந்து என்னடி சாப்பிட்ட?"

"தண்ணி குடிச்சேன்க்கா."

அந்த நடனக் குழுவில் எட்டுப் பெண்கள், எட்டு ஆடைகள், எல்லாம் ஒரே அளவு. உடம்புக்காக ஆடையின் தையலைப் பிரித்துப் பெரிதாக்குகிற வழக்கம் அங்கே கிடையாது. ஆடைக்குள் நுழைய முடியாதவளுக்கு மேடையும் கிடையாது. அதற்குப் பயந்தே பட்டாணி இரண்டு மாதமாகச் சாப்பாட்டைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஒத்திகையில் மயங்கி விழுந்தபோது வெயில் என்று சாக்குச் சொன்னாள். நாலு சுவருக்குள் ஏது வெயில்?

டைலரக்காவுக்கு மனசு கேட்கவில்லை. அன்று எல்லோரும் போனபிறகு பட்டாணியின் ஆடையை எடுத்து, இடுப்புத் தையலைப் பிரித்து, உள்ளே மடங்கிக் கிடந்த துணியில் ஒரு விரற்கடை விட்டுத் தைத்தாள். யாரிடமும் மூச்சுவிடவில்லை.

மறுநாள் ஜிப் சர்ரென்று ஏறியது. பட்டாணிக்குத் தலைகால் புரியவில்லை. இளைத்துவிட்டேன் என்று குதித்தவள், அந்தக் குஷியில் டைலரக்காவின் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து அதிலிருந்த இரண்டு முட்டையையும் ஒரு கை பார்த்தாள். டைலரக்கா வெறும் ரொட்டியைத் தின்றுகொண்டே வாயெல்லாம் பல்லாக உட்கார்ந்திருந்தாள். அடுத்த வாரம் ஆசை மிஞ்சிப்போய் இன்னும் தாராளமாகவே பிரித்துவிட்டாள். பட்டாணியின் கன்னத்தில் சதை பிடித்தது. ஆட்டத்தில் பொறி பறந்தது.

நடன மாஸ்டர் இதையெல்லாம் கவனித்தார். பட்டாணி வயிறார உண்பதையும், அவள் இடுப்பில் துணி தொளதொளவென்று ஆடுவதையும் பார்த்தார். வெள்ளிக்கிழமை எல்லோரையும் கூப்பிட்டுச் சிரித்த முகமாகத்தான் பேசினார்.

"இவளும் சாப்பிடத்தான் செய்யறா. அப்படியும் டிரஸ் லூசா இருக்கு. இனிமே யாரும் சாக்கு சொல்லக் கூடாது. டைலரம்மா, எட்டு டிரஸ்ஸையும் ரெண்டு விரக்கடை பிடிச்சுத் தைச்சிருங்க."

உண்மை டைலரக்காவின் நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் பட்டாணியின் மேடை போகும்; தன் வேலையும் போகும். தன்மேலேயே அவளுக்கு வெறுப்பாக இருந்தது. குண்டூசிகளை வாயில் கவ்விக்கொண்டாள்.

எட்டுப் பேரும் கைகளைத் தூக்கி, வயிற்றை எக்கி வரிசையில் நின்றார்கள். முதலில் நின்ற பட்டாணி கூச்சத்தில் நெளிந்து நெளிந்து சிரித்தாள். பின்னால் நின்ற பெண் கையை இறக்கி, காலடியில் இருந்த தன் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே அவளிடம் நீட்டினாள்.

"நீ சாப்பிடு. உனக்குத்தான் உடம்புல ஒட்டாதே."