கீர்த்தி குடிக்க வேண்டிய தண்ணீர்

கீர்த்தி குடிக்க வேண்டிய ஒரு லிட்டர் தண்ணீரை நான் குடித்துவிட்டேன். வேண்டுமென்று செய்யவில்லை. மூத்திரப்பை நிறைந்திருந்தால்தான் ஸ்கேனில் கருப்பை தெளிவாகத் தெரியும், ஒரு மணி நேரம் முன்பே குடித்துவிடுங்கள் என்று சொல்லியிருந்தார்கள். பாட்டில் என் கையில் இருந்தது. பயந்தால் எனக்கு நாக்கு உலரும். உத்திரமேரூர் ஸ்கேன் சென்டரில் உட்கார்ந்து ஒரு வாய், இன்னொரு வாய் என்று தொடங்கியவனால், என் மனைவி கை நீட்டியபோது மூடியை மட்டும்தான் கொடுக்க முடிந்தது.

"இத்த இன்னா, கடிச்சித் துன்றதா?" என்றாள் கீர்த்தி.

நர்ஸ் ஷாஹிஸ்தா இன்னொரு பாட்டில் வாங்கி வரச் சொன்னார். நான்காவதாகப் போக வேண்டியவள் பதினோராவது ஆனாள்.

பயத்துக்குக் காரணம் இருந்தது. இரண்டு வாரம் முன்பு, ஆறாவது வாரத்தில், முதல் ஸ்கேன். உள்ளே கருவின் பை தெரிகிறது, இதயத் துடிப்பு இன்னும் தெரியவில்லை என்றார் டாக்டரம்மா. அப்படியென்றால் என்ன என்று கேட்டேன். சிலருக்குத் தாமதமாகத் தெரியும், பார்க்கலாம் என்றார். பார்க்கலாம் என்றால் நல்லதா, கெட்டதா? ஸ்கேன் சீட்டைக் காட்டி மருந்துக்கடைக்காரரைக் கேட்டேன். அவர் சீட்டின் எழுதாத பக்கத்தையும் திருப்பிப் பார்த்துவிட்டு, எல்லாம் நல்லபடியாக நடக்கும் என்றார்.

குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. பஜாரில் எரிந்துபோன மோட்டாருக்குக் காயில் கம்பி கட்டிக் கொடுக்கும் கடை வைத்திருக்கிறேன். மோட்டார் எப்போது கிடைக்கும் என்று கேட்கிற விவசாயிகளுக்கெல்லாம் பதினோரு வருடமாக என் பதில், "ஆயிடும்ணா." எதிலும் மாட்டிக்கொள்ளாத பதில்.

கூப்பிட்டார்கள். நிறைந்த குடத்தைச் சுமப்பவள்போல் கீர்த்தி மெல்ல உள்ளே போனாள். என்னை விடவில்லை. உள்ளே நடப்பது போன தடவை அவள் சொல்லித் தெரியும். அடிவயிற்றில் ஜில்லென்று பசை தடவுவார்கள். கைப்பிடி போன்ற ஒன்றை வைத்து அழுத்துவார்கள். வலிக்காது, முட்டும். திரையில் எல்லாம் மழை நாள் டிவி மாதிரி இருக்கும். பத்து நிமிடம்.

இருபது நிமிடம் ஆனது. ஷாஹிஸ்தா வெளியே வந்தார். எப்படி இருக்கிறது என்று கேட்டேன். சுவரைக் காட்டினார். கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று சொல்வது குற்றம் என்று பலகை.

"அத்தக் கேக்கலம்மா. உசுரு கீதான்னுதான் கேக்குறேன்."

அவர் முகம் மாறியது. டாக்டர் சொல்வார் என்று சொல்லிவிட்டு வேகமாக உள்ளே போய்விட்டார்.

அந்த நேரம் பார்த்து மாகறல் முத்துவேல் அண்ணன் போனில் வந்தார். நட்ட வயல் காய்கிறது, மோட்டார் இன்றைக்கு ஆகிவிடுமா என்றார். நாக்கு நுனிக்கு வந்ததை விழுங்கினேன்.

"காயிலு மொத்தமா எரிஞ்சிபூட்ச்சிண்ணா. வெள்ளிக்கெயமதான் ஆவும். அதுவரிக்கும் வாடகைக்கு ஒண்ணு போட்டுக்கோ."

 அவர், எனக்கு உடம்பு ஏதாவது சரியில்லையா என்று விசாரித்தார்.

இதற்குள் நான் குடித்த ஒரு லிட்டரும் வேலையைக் காட்டியது. எழுந்து போனால் அப்போது பார்த்துக் கூப்பிடுவார்களோ என்று காலைப் பின்னிக்கொண்டு இருந்தேன். கதவு திறந்தது. கீர்த்தி என் பக்கம் திரும்பவே இல்லை. ஓட்டமும் நடையுமாக, அங்கே இருந்த ஒரே கழிவறைக்குள் புகுந்து தாழ் போட்டாள். கண் கலங்கியிருந்தது. அடக்கி வைத்திருந்ததாலும் இருக்கலாம்.

கதவோரம் போய் நின்றேன். எதற்காக என்று கேட்டால், இரண்டுக்கும்தான். காத்திருந்த பெண்கள் எல்லோரும் என்னையே பார்த்தார்கள். தட்டினேன்.

"கீர்த்தி, இன்னா சொன்னாங்கோ?"

"இருயா."

"முடியலமே. நல்லதோ கெட்டதோ, சொல்லிடு."

உள்ளே தண்ணீர் ஊற்றும் சத்தம் நின்றது.

"துடிச்சிக்கினு கீதுயா," என்றாள். "நிமிசத்துக்கு நூத்தி அறுவது தரம். நானே கண்ணால பாத்தேன்."