ஒன்பது மணிக்குத் திறக்கும் கட்டடம்

நகராட்சியில் மக்கள் நலப் பிரிவைக் கவனித்துவந்த மேலாளருக்கு ஒரே ஒரு அக்கா. காய்கறிச் சந்தையில் அவளைத் தொட்டிலக்கா என்றால்தான் தெரியும். அவள் தன் கூடப் பிறந்தவள் என்பதை மேலாளர் அலுவலகத்தில் மூச்சு விட்டதில்லை.

அக்காவும் ஒரு காலத்தில் அந்தச் சந்தையில் மூட்டை இறக்கியவள்தான். முழங்கால் மக்கர் பண்ணத் தொடங்கியதும் மூட்டையை விட்டுவிட்டு, கூட வேலை செய்த பெண்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆரம்பித்தாள். விடிகாலை நாலு மணிக்கு லாரிகள் வரும். தூக்கத்தில் தலை தொங்கும் பிள்ளைகளைத் தோளில் சாய்த்துக்கொண்டு தாய்மார்களும் வருவார்கள். பத்து மணிக்குச் சந்தை ஓய்ந்ததும் வாங்கிக்கொண்டு போவார்கள். எடைமேடைக்குப் பின்னால் பூட்டிக் கிடந்த அறையைத் திறந்துகொடுத்து, ஒரு தண்ணீர்க் குழாய், ஒரு டியூப்லைட், வாசலை முதலில் கூட்டிவிடும்படி துப்புரவுப் பணியாளருக்கு ஓர் உத்தரவு என்று மேலாளர்தான் ஏற்பாடு செய்தார். நகராட்சி செய்தது அவ்வளவுதான். ஏழு பிள்ளைகள் இருந்த இடத்தில் இரண்டே வருடத்தில் இருபத்து மூன்று ஆனார்கள். உத்தரத்திலிருந்து துணித் தொட்டில்கள் வரிசையாகத் தொங்கும். ஒரு காலால் ஒன்றை ஆட்டிக்கொண்டே அக்கா இன்னொரு பிள்ளைக்கு மூக்குத் துடைப்பாள்.

ஆறாவது வருடம் புதிதாக வந்த ஆணையர் சந்தையைப் பார்வையிட வந்தார். அறைக்குள் எட்டிப் பார்த்தவர் அசந்துபோனார்.

"இத்தனை நாளா இத யாருமே எங்கிட்ட சொல்லலையே! இத ஒரு மூலைல வச்சிருக்கக் கூடாது. நல்ல கட்டடமா கட்டுவோம்" என்றார்.

மேலாளருக்குத் தலைகால் புரியவில்லை. மூன்று வாரம் உட்கார்ந்து திட்டம் எழுதினார். எழுதி முடித்த அன்று சாயங்காலமே அக்கா வீட்டுக்கு வரைபடத்தை எடுத்துக்கொண்டு போனார். அவள் அதைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்து, திருப்பிப் பிடித்தும் பார்த்தாள்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா தம்பி, நேரத்த மட்டும் விட்டுடாதடா. சுவரு எப்படி இருந்தாலும் பரவாயில்ல, நாலு மணிக்குக் கதவு திறக்கணும்."

"அதெல்லாம் நான் பாத்துக்கறேன்க்கா."

திட்டம் மேசை மேசையாக ஏறி இறங்கித் திரும்பி வந்தபோது, 'காலை நான்கு முதல் பத்து வரை' என்று அவர் எழுதிய வரி அடிபட்டு, 'ஒன்பது முதல் ஐந்து வரை' என்று மாறியிருந்தது. குழந்தைகள் மையங்களுக்கான விதி அதுவாம். பணியாளர்கள் பயிற்சிச் சான்றிதழ் வைத்திருக்க வேண்டும் என்றும் ஒரு வரி சேர்ந்திருந்தது. அக்கா எட்டாம் வகுப்பு.

மன்றக் கூட்டத்தில் தலைவர் அம்மா இவரைப் பார்த்துத்தான் கேட்டார். "ஆரம்பத்திலேர்ந்து பாத்தவர் நீங்க. சந்தைப் பொம்பளைங்களுக்கு இந்த நேரம் ஒத்துவருமா?"

மேலாளர் எழுந்து நின்றார். எதிரே பொறியாளர் உட்கார்ந்திருந்தார். 'அந்தம்மா உங்களுக்குச் சொந்தமா சார், முகஜாடை இருக்கே' என்று ஒருமுறை சிரித்துக்கொண்டே கேட்ட மனிதர். ஒத்துவராது என்றால், பின்னே நாலு மணிக்கு வேலைக்கு யார் வருவார்கள் என்பார்கள். அக்காவைச் சொல்ல வேண்டிவரும். சொந்தக்காரிக்கு வேலை தேடுகிறான் என்று நாளைக்கே அலுவலகம் முழுக்கப் பேச்சாகும். வாய்வரை வந்ததை விழுங்கினார்.

"பாத்துக்கலாம் மேடம்" என்றார்.

தீர்மானம் நிறைவேறியது.

கட்டடம் அழகாகத்தான் வந்தது. சுவரில் நீல யானைகள். பிள்ளைகள் உயரத்துக்குக் கைகழுவும் தொட்டி. லாரிகள் திரும்ப இடம் வேண்டுமென்று எடைமேடை அறையை இடித்துவிட்டார்கள். திறப்பு விழாவில் அக்கா கடைசி வரிசையில் நின்றாள். எல்லோரும் கை தட்டினார்கள், அவளும் தட்டினாள். பிறகு வாசலில் மாட்டியிருந்த நேரப் பலகையைப் படித்தாள். தம்பியைத் தேடிவந்து எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடத் தேவலை என்று அவர் பின்னால் பலமுறை நினைத்ததுண்டு.

மையம் ஒரு மாதத்தில் நிரம்பிவிட்டது. பக்கத்துத் தெருக்களில் கடைக்கும் அலுவலகத்துக்கும் போகிறவர்களின் பிள்ளைகள். அவர்களுக்கும் தேவைதானே, அதில் என்ன தப்பு? மாதா மாதம் 'இடம் முழுமையாகப் பயன்படுகிறது' என்று அறிக்கை போகும். மேலாளர் கையெழுத்துப் போடுவார். சந்தையில் பிள்ளைகள் தள்ளுவண்டிகளுக்கு அடியில் சாக்கை விரித்துத் தூங்கினார்கள். அவருக்குத் தெரியும். அந்தப் பக்கம் போவதையே குறைத்துக்கொண்டார்.

எட்டாவது மாதம் ஒரு நாள் அலுவலகத்துக்குத் தகவல் வந்தது. வெங்காய மண்டியில் வேலை செய்யும் பெண்ணின் மகள், இரண்டரை வயது. மூட்டை ஏற்றிய தள்ளுவண்டி கிளம்பும்போது அடியில் தூங்கிக்கொண்டிருந்திருக்கிறாள். சக்கரம் பாதத்தில் ஏறிவிட்டது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அந்தத் தாய் சுவரோடு சுவராக உட்கார்ந்திருந்தாள். உயிருக்குப் பயமில்லை, இரண்டு விரலை எடுக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். இவரைப் பார்த்ததும் எழுந்திருக்கப் போனாள்.

"உக்காரும்மா... நீ அந்த மையத்துல போய்க் கேட்டியா?"

"கேட்டேன் சார். நல்ல மரியாதையாத்தான் பேசினாங்க. கட்டடமும் நல்லாத்தான் இருக்கு. ஆனா நாங்க வேலைய முடிச்சு வீட்டுக்குப் போறப்பதான் சார் அது கண்ணு முழிக்குது."

அவள் குத்திக்காட்டவில்லை. உள்ளதைச் சொன்னாள்.

மறுநாள் ஆணையர் அறைக்குப் போய் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். தொட்டிலக்கா தன் அக்கா என்பது, கூட்டத்தில் வாயை மூடிக்கொண்டது, ஏன் மூடிக்கொண்டார் என்பது எல்லாவற்றையும். ஆணையர் பேனாவை மூடி வைத்தார்.

"அக்காவா இருந்தா என்னங்க? அவங்களுக்கு ஒரு பயிற்சி கொடுத்திருக்கலாம். நேரத்துக்கு விதிவிலக்கு வாங்கறது எனக்கு ஒரு கடிதம். நீங்க அன்னைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். இதைத்தான் தாங்க முடியவில்லை. ஒரு கடிதத்தில் முடிந்திருக்க வேண்டியது, இப்போது ஓடுகிற மையத்தின் நேரத்தை மாற்றுவதாக ஆகிவிட்டதால் ஆள், பாதுகாப்பு, போக்குவரத்து என்று இழுத்துக்கொண்டே போனது. நடையாய் நடந்தார். பதினான்கு மாதம் கழித்து, விடிகாலை முறைக்கு இரண்டு பணியாளர்களோடு அனுமதி வந்தது.

உத்தரவோடு நேரே அக்காவிடம் போனார். அவள் இப்போது ஒரு பல் மருத்துவமனையில் டோக்கன் கொடுக்கும் வேலையில் இருந்தாள். உட்கார்ந்தே செய்கிற வேலை.

"வந்துடுக்கா. பயிற்சி மூணே வாரம். நான் ஏற்பாடு பண்ணிட்டேன்."

"இல்லடா. முட்டி இனிமே கேக்காது." கொஞ்சம் பொறுத்து, "அன்னைக்கு ஏன்டா பேசல? என்னைய அக்கான்னு சொல்றதுக்கு வெக்கமா?" என்றாள்.

"வெக்கம் இல்லக்கா. பயம்."

"எனக்குப் படிப்பு இல்லன்னு வேற யாரையாச்சும் வச்சிருந்தா நான் ஒண்ணும் சொல்லியிருக்க மாட்டேன். நேரத்தையாவது கேட்டிருக்கலாம்ல. நான் அதத்தானே உங்கிட்ட கேட்டேன்."

அடுத்த டோக்கனைக் கிழித்துக் காத்திருந்தவரிடம் நீட்டிவிட்டு, "காபி குடிக்கிறியா?" என்று கேட்டாள். அந்தப் பேச்சை அவள் அதற்கப்புறம் எடுக்கவே இல்லை.

முதல் நாள் விடிகாலை மேலாளரே போய் மையத்தின் விளக்கைப் போட்டார். மூன்று பிள்ளைகள் வந்தார்கள். மீதிப்பேரைத் தேடி லாரிகளுக்கு நடுவே நடந்தார். நாலைந்து பெண்கள் சந்தை வேலையையே விட்டுப் போயிருந்தார்கள். கீரை பிரிக்கும் பெண் மூத்த மகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தியிருந்தாள். பத்து வயதுக்காரி சாக்கு மூட்டைமேல் உட்கார்ந்து தம்பியை மடியில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"மையம் இனிமே நாலு மணிக்கே திறந்திருக்கும்மா. சின்னவன அங்க விடலாம். பெரியவ பள்ளிக்கூடம் போகட்டும்."

அந்தப் பெண் கையிலிருந்த கீரைக்கட்டைக் கீழே வைக்காமலே கேட்டாள். "இது எத்தன நாளைக்கு சார்?"

எப்போதும் திறந்திருக்கும் என்று சொல்ல வாயெடுத்தார். அப்படிச் சொல்ல அவருக்கு அதிகாரமில்லை. அடுத்த ஆணையர் என்ன நினைப்பாரோ, அடுத்த மன்றம் என்ன சொல்லுமோ.

"அது எனக்குத் தெரியாதும்மா. ஆனா மாத்தப் போறாங்கன்னா, நான் எந்திரிச்சு வேணாம்னு சொல்லுவேன்."

அவள் மகளைத் திரும்பிப் பார்த்தாள். "ரெண்டு நாள் யோசிச்சுச் சொல்றேன் சார்" என்று சொல்லிவிட்டு, அடுத்த கீரைக்கட்டை அவிழ்த்தாள்.