லைனில் காத்து

1

இந்தக் கதை ஓர் எழுத்துப்பிழையில் பிறந்தது. ஓடிக்கொண்டிருக்கும் டீசல் கார் திடீரென்று நின்றுபோய் மறுபடி ஸ்டார்ட் ஆகாவிட்டால் என்னென்ன பார்க்க வேண்டும் என்று ஒரு வாகன இதழுக்குக் கட்டுரை எழுதிக்கொண்டிருந்தேன். அதில் டீசல் வரும் குழாயைப் பற்றி ஒரு மெக்கானிக் பேசுவதாக ஒரு வரி. ‘லைன்ல இன்னும் காத்து இருக்கு’ என்று வர வேண்டியது, என் அவசரத்தில் இடைவெளி தொலைந்து ‘இன்னும் காத்திருக்கு’ என்று போய்விட்டது. மெய்ப்புத் திருத்தும் அம்மாள் ஓரத்தில் சிவப்பு மையில் கேட்டிருந்தார்: ‘யாருக்காக?’

கட்டுரை அச்சாகிவிட்டது. அந்தக் கேள்வி மட்டும் என்னை விடுவதாக இல்லை.

2

முதல் தொடக்கம்: மதிய வெயிலில் தார்ச்சாலை உருகிக்...

வேண்டாம். கார் நின்றுபோகிற கதைகளில் எப்போதும் வெயில் கொளுத்துகிறது.

இரண்டாம் தொடக்கம்: அவள் தையல்காரி. பின்சீட்டில் தையல் மெஷின் இருக்கிறது, அதன்மேல் ஒரு போர்வை, பக்கத்தில் துணிப்பைகள். கணவரை விட்டுவிட்டு அண்ணன் வீட்டில் சில மாதம் இருந்தாள். இப்போது வேறு ஊரில் வேலை கிடைத்து, அறையும் பார்த்து, கிளம்பிவிட்டாள். ஊர் எல்லையில் ஒரு பெயின்ட் கிடங்குக்கு எதிரே கார் இரண்டு தடவை திக்கித் திணறி நின்றது. சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் சுற்றுகிறது, என்ஜின் பிடிக்கவில்லை.

இது பரவாயில்லை. இப்படியே போகலாம்.

(கணவர்தான் மெக்கானிக். இதை முன்பே சொல்லியிருக்க வேண்டும்.)

3

அவளை நம்ப எனக்குக் கஷ்டமாக இருந்தது. தான் விட்டுப் போகிற மனிதரையே போய் உதவிக்குக் கூப்பிடுவாளா? அதனால் அண்ணனைக் கூப்பிட வைத்துப் பார்த்தேன். அண்ணன் “நான் அப்பவே சொன்னேன்ல” என்று ஆரம்பித்தார், நிறுத்தவேயில்லை. அந்தப் பக்கத்தைக் கிழித்துப் போட்டேன். கடைசியில் அவள் கணவரையே கூப்பிட்டாள். அந்தக் காரின் குணம் தெரிந்தவர் அவர் ஒருவர்தான் என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியாது.

“வண்டி நின்னுபோச்சு. ஸ்டார்ட் ஆகலை.”

“ஸ்டார்ட்டர் சுத்துதா?”

“நல்லா சுத்துது.”

“சுத்தறப்ப சைலன்சர்ல புகை வருதா?”

கதவைத் திறந்து எட்டிப் பார்த்துக்கொண்டே சாவியைத் திருப்பினாள். “ஒண்ணும் வரலை.”

“அப்ப டீசல் என்ஜினுக்குப் போகலை. சும்மா சும்மா சாவியைத் திருப்ப வேணாம், பேட்டரி இறங்கிடும். எந்த இடம்?”

சொன்னாள். எங்கே போகிறாய் என்று அவர் கேட்கவில்லை.

4

ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். பின்சீட்டைப் பார்த்தார். தையல் மெஷினைப் பார்த்தார். பானட்டைத் திறந்தார்.

அவள் ஏன் பிரிந்தாள் என்று இங்கே சொல்லிவிடுகிறேன். அவர் அடிக்கிறவர் இல்லை, குடிக்கிறவர் இல்லை. அவர் பேச்சில் ‘நான்’ என்ற சொல் மட்டும் கிடையாது. பசிக்குது. தூக்கம் வருது. வேலை இருக்கு. ஒரு நாள் பொறுக்க மாட்டாமல் “என் மேல உங்களுக்கு ஆசையே இல்லையா?” என்று கேட்டாள். “இருக்கு” என்று சொல்லிவிட்டு ஸ்பானரைத் தேடப் போனார். அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. ஒரே ஒரு முழு வாக்கியத்துக்காக அவள் அவ்வளவு ஏங்கியிருந்தாள்.

(அவர் மேல் முழுப் பழியையும் போட முடியாது. தமிழில் பசியும் தூக்கமும் கோபமும் தாமாகவே நமக்கு வருகின்றன. நாம் சும்மா நின்றால் போதும்.)

5

டீசல் பில்டரின் தலையில் இருந்த கை பம்பை அழுத்தினார். கெட்டியாக இருக்க வேண்டியது சொதசொதவென்று அமுங்கியது. பக்கத்து ஸ்க்ரூவைத் தளர்த்தியதும் டீசலுக்குப் பதில் நுரை வந்தது. காற்றை வெளியேற்றி ஸ்டார்ட் செய்தார்கள். ஓடியது, சற்று நேரத்தில் மறுபடி நின்றது. அப்படியென்றால் எங்கிருந்தோ காற்று உள்ளே வந்துகொண்டே இருக்கிறது. பில்டருக்கு முன்னால் உள்ளே தெரிகிற ட்யூப் ஒன்றைச் சேர்த்துப் பார்த்தார். குமிழிகள் வரிசையாக வந்தன. டேங்க்கிலிருந்து வரும் ரப்பர் ஹோஸில், கிளிப்புக்கு அடியில், மெல்லிய வெடிப்பு.

“டீசல் ஒழுகவே இல்லையே?” என்றாள்.

“ஒழுகாது. இது உறிஞ்சற பக்கம். டீசல் வெளிய வராது, காத்துதான் உள்ள போகும். வெளியிலேர்ந்து பாத்தா ஒண்ணுமே தெரியாது.”

“தெரியும். அந்த மாதிரி ஒருத்தரோட குடும்பம் நடத்தியிருக்கேன்.”

ஸ்க்ரூடிரைவர் அவர் கையிலிருந்து நழுவி என்ஜினுக்குள் எங்கோ விழுந்தது. தேடி எடுக்க வெகுநேரம் ஆயிற்று.

6

வெடித்த நுனியை வெட்டிவிட்டு ஹோஸை மாட்டினார். கடைசியாக ஒரு தடவை காற்றை வெளியேற்ற வேண்டும். அவள் பம்பை அழுத்தினாள். அவர் ஸ்க்ரூவைப் பிடித்துக்கொண்டு நுரையைப் பார்த்தார்.

“போயிடுச்சா?”

அவர் பதில் சொன்னார். கட்டுரையில் நான் பிழையாக எழுதிய அதே வரி. இப்போது என்னால் எழுத முடியாத வரியும் அதுதான். வாயால் சொல்லும்போது அதில் இடைவெளி கிடையாது. எழுதும்போது போட்டாக வேண்டும், அல்லது சேர்த்து எழுதியாக வேண்டும்.

இடைவெளி போட்டு எழுதிய பிரதி: அவள் இன்னும் கொஞ்சம் அழுத்துகிறாள், என்ஜின் பிடிக்கிறது, நன்றி சொல்லிவிட்டுப் புது ஊருக்குப் போகிறாள். வாகன இதழ் இதைத்தான் விரும்பும்.

சேர்த்து எழுதிய பிரதி: பம்பின் மேலேயே அவள் கை நின்றுவிடுகிறது. அப்போதும் என்ஜின் பிடிக்கத்தான் செய்கிறது. சரிசெய்த வண்டியை ஓடாது என்று நான் பொய் சொல்ல முடியாது. ஆனால் வண்டி எந்தப் பக்கம் திரும்...

இரண்டுமே மேசையில் கிடக்கின்றன. இரண்டிலும் மாறாத பகுதி இவ்வளவுதான்:

“எங்க?” என்று அவள் கேட்டாள்.

“இங்கதான்” என்றார்.

அவர் வலது கை ஸ்க்ரூவின் மேல் இருந்தது. இடது கை எங்கே இருந்தது என்று நான் எழுதவில்லை. அவள் பார்த்தாள். மெய்ப்புத் திருத்திய அம்மா, நீங்கள் ஓரத்தில் கேட்ட கேள்விக்கு என்னிடம் இருப்பது இதுதான். இடைவெளியை நீங்களே திருத்திக்கொள்ளுங்கள்.