பின்கோட்டருகே விழுந்த பந்து

எங்கள் கம்பெனி டென்னிஸ் கோர்ட்டைப் போன வாரம் உடைத்துவிட்டார்கள். குடோன் கட்டப் போகிறார்களாம். இருங்காட்டுக்கோட்டையில் குடோனுக்கா பஞ்சம்? கோபத்தில் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

வெளிநாட்டு அதிகாரிகள் ஆடுவதற்காகப் போட்ட கோர்ட் அது. ஊர் திரும்பியபோது, நரம்பு தொய்ந்த நாலு ராக்கெட்டை விட்டுப் போனார்கள். முதல் ஷிப்ட் முடிந்ததும் நானும் எழிலரசியும் எங்கள் பஸ்ஸை விட்டுவிட்டு அங்கே ஆடுவோம். ஐந்தரை மணி பஸ்ஸில்தான் வீடு. நான் பிள்ளைப்பாக்கம், இன்ஸ்பெக்‌ஷனில் வேலை. அவள் சேரப்பணஞ்சேரி, அசெம்பிளி லைன். சொல்லிக்கொடுக்க ஆளில்லாமல் போனில் பார்த்தே கற்றோம்.

ஆட்டத்தின் கதையையும் போனில்தான் படித்தோம். முதலில் பிரான்ஸ் நாட்டு மடங்களில் சாமியார்கள் உள்ளங்கையால் பந்தை அடித்தார்களாம். பிறகு ராஜாக்கள் அரண்மனைக்குள் ஆடினார்கள். துள்ளுகிற ரப்பர் பந்து வந்த பிறகு இங்கிலாந்துக்காரர்கள் அதைப் புல்தரைக்குக் கொண்டுபோனார்கள். மர ராக்கெட் இரும்பானது, அப்புறம் கார்பன் ஆனது. டிவியில் தெரியவில்லை என்று வெள்ளைப் பந்தை மஞ்சளாக்கினார்கள். இவ்வளவு மாற்றியவர்கள் கணக்கை மட்டும் விட்டுவிட்டார்கள். பதினைந்து, முப்பது, அடுத்து நாற்பது. நாற்பத்தைந்து எங்கே என்று எழிலரசி கேட்காத நாளில்லை. எவனோ முழுங்கிவிட்டான் என்பேன். உண்மையைச் சொன்னால், அந்தச் சாயங்காலங்களில் சிரித்ததுபோல நான் என் கல்யாணத்தில்கூடச் சிரிக்கவில்லை.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், ஆண்டு விழாவில் எங்கள் இருவருக்கும் போட்டி வைத்தார்கள். ஜெயிப்பவள் ஒரகடத்தில் மற்ற கம்பெனிக்காரர்களோடு ஆடப் போகலாம். நடுவர் கிடையாது, பந்து யார் பக்கம் விழுகிறதோ அவர்களே உள்ளேயா வெளியேயா என்று சொல்ல வேண்டும். கடைசிப் புள்ளியில் எழிலரசி அடித்த பந்து என் பக்கத்துப் பின்கோட்டருகே, எல்லையில் விழுந்தது. சத்தியமாக எனக்குத் தெரியவில்லை. இன்ஸ்பெக்‌ஷனில் எங்களுக்கு ஒரே பாடம்தான்: சந்தேகம் வந்தால் பொருளைக் கழித்துச் சிவப்புக் கூடையில் போடு. என் கை தானாக உயர்ந்தது. அவுட் என்றேன். எழிலரசி ஒரு வார்த்தை பேசாமல் கை கொடுத்துவிட்டுப் போனாள்.

அடுத்த ஞாயிறு, ஜெயித்த மிதப்பில், கம்பெனி வேனில் ஏறி ஒரகடம் போனேன். ஆட்டத்துக்கு முன்னால் ஒருவர் விதிகளை வாசித்தார். சந்தேகமான பந்து எதிராளிக்கே சேரும் என்றார். அப்படியானால் அந்தப் புள்ளி எழிலரசியுடையது. முதல் சுற்றிலேயே தோற்றேன். அதற்குப் பிறகு எழிலரசி முகத்தைப் பார்க்க வெட்கம். ஷிப்ட் முடிந்ததும் முதல் பஸ்ஸிலேயே வீட்டுக்கு ஓடினேன். மூன்று மாதத்தில் அவள் வேறு கம்பெனிக்குப் போய்விட்டாள். அவளுடைய ஆட்டத்தைத் திருடிவிட்டோம் என்று இத்தனை வருஷமாக மனசு அரித்துக்கொண்டே இருந்தது.

கோர்ட் உடைபட்ட படத்தை யாரோ குரூப்பில் போட்டிருந்தார்கள். எழிலரசியின் எண்ணைத் தேடிப்பிடித்து அவளுக்கும் அதை அனுப்பினேன். ஞாயிற்றுக்கிழமை அவளே வந்தாள். கம்பெனி கேட்டுக்கு எதிரே உள்ள ஜூஸ் கடையில் உட்கார்ந்து, விதி, கூடை, திருட்டு எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தேன். அவள் ஸ்ட்ராவால் கலக்கிக்கொண்டே கேட்டுவிட்டுச் சொன்னாள்.

“அது அவுட்டுதான் சசி. அடிக்கும்போதே தெரிஞ்சிபோச்சு, நீளமா போவுதுன்னு.”

“அப்ப ஏன்டி பேசாம போன?”

“தோத்தா யாருக்குப் பேச்சு வரும்? மறுநாளே செரியாப்பூடுச்சு. நீ ஒரகடம் போன அன்னிக்கு, உங்கூட வர்லாம்னு தண்ணி பாட்டில் எத்துகினு கேட்டாண்ட நின்னுகினு இருந்தேன். வேன்ல எடம் கீது, நீ கூப்புடுவன்னு பாத்தேன். நீ முன்சீட்ல ஒக்காந்துகினு திரும்பிக்கூட பாக்கல. அப்பால கோர்ட்டுக்கும் வர்ல. ஜெயிச்சதும் நான் வேணாம்னு ஆயிட்டேன்னு நெனச்சேன்.”

அந்த வேன் எனக்கு நினைவிருக்கிறது. முன்சீட்டின் கிழிசல், டிரைவர் சத்தமாகப் போட்ட பாட்டு எல்லாம் நினைவிருக்கிறது. கேட்டில் எழிலரசி நின்றது மட்டும் எவ்வளவு யோசித்தும் வரவில்லை. கடை என்றும் பார்க்காமல் அழுதேன்.