கண்டக்டர் சாப்பாடு

பாலக்கோட்டிலிருந்து பாப்பாரப்பட்டி வழியாக ஒகேனக்கல் போகும் பஸ்ஸில் கண்டக்டராகச் சேர்ந்தபோது அருள்நாதனுக்கு இருபத்தொரு வயது. ஒல்லியாக, வெடவெடவென்று இருந்தான். மூன்றே வருஷத்தில், 1974-க்குள், உடம்பு பெருத்துக் காக்கி உடுப்பை மூன்று தடவை புதிதாகத் தைக்க வேண்டியதாயிற்று.

பென்னாகரத்தில் முனியப்பனின் ஓட்டல் முன்னால் பஸ் இருபது நிமிஷம் நிற்கும். ஆட்களைக் கொண்டுவந்து இறக்குகிற டிரைவருக்கும் கண்டக்டருக்கும் அங்கே சாப்பாடு இலவசம். போகும்போது பரோட்டாவும் குருமாவும், திரும்பும்போது சோறும் வறுத்த மீனும், கூடவே போண்டா, டீ. களியும் கீரையும் தின்று வளர்ந்தவனுக்கு அதெல்லாம் உத்தியோகத்துக்குக் கிடைத்த மரியாதையாகப் பட்டது. போதும் என்று சொல்லத் தோன்றவில்லை.

ஒரு சந்தை நாளில், பாலக்கோடு போக வேண்டிய தக்காளிக் கூடையைத் தோளில் வைத்துக்கொண்டு பஸ்ஸின் பின்னேணியில் ஏறினான். பாதியில் மூச்சு வாங்கியது. காலை எட்டி வைத்ததும் பேண்ட்டின் தையல் டர்ரென்று விட்டது. கூட்டம் கொல்லென்று சிரித்தது. அதைவிட, டிரைவர் மாதையன் வந்து கூடையை வாங்கிக்கொண்டு ஏறியதுதான் அவனுக்கு உறைத்தது. மாதையனுக்கு அவனைவிட இருபது வயது கூடுதல்.

அன்று சாயங்காலம் மண்டித் தராசில் ஏறி நின்றான். எண்பத்தாறு கிலோ.

"நாளையிலேருந்து எனக்குக் களி கட்டிக் குடும்மா."

"ஏன், ஓட்டல்ல சோறு போடலியா?" என்றாள் அம்மா இன்னாசியம்மாள்.

"போடறாங்க. அதாம்மா தொல்லை."

மறுநாள் அவன் ஓட்டலில் உட்கார்ந்து தூக்குப் போசியைத் திறந்ததும் முனியப்பனின் முகம் மாறிப்போனது.

"எதுத்தாப்பல புதுசா ஒருத்தன் கடை தொறந்திருக்கான். இனிமே பஸ்ஸை அங்க நிறுத்தப் போறியா?"

"இல்லீங்க. ஒடம்பு பெருத்துப் போச்சுங்க. ஏணி ஏற முடியல."

"அதுக்கு என் கடைக்குள்ளயா தூக்கைத் தொறப்ப? கண்டக்டரே திங்காத சோறுன்னு வர்றவன் எந்திரிச்சுப் போயிட மாட்டானா?"

அதுவும் நியாயமாகத்தான் பட்டது. அருள்நாதன் கொல்லைப்புறம் போய்க் கிணற்றடிக் கல்லில் உட்கார்ந்து தின்றான். இரண்டு வாரம் அப்படியே ஓடியது. குருமா வாசனை அங்கேயும் வந்தது. ஒரு நாள் மனசு கேட்காமல் உள்ளே போய் நாலு பரோட்டா தின்றுவிட்டான். மறுநாள் மறுபடியும் களி.

மூன்றாவது வாரம் முனியப்பனே ஒரு தட்டோடு கிணற்றடிக்கு வந்தார். தட்டில் ஒரு களி உருண்டை, அவரைக்காய்க் குழம்பு.

"பதினஞ்சு வருசமா மத்தியானம் எனக்கு வூட்டுக் களிதான். இந்த எண்ணெயை நானும் தெனம் தின்னா தாங்குமா?"

அருள்நாதனுக்குச் சுருக்கென்றது. "அப்ப எனக்கு மட்டும் மூணு வருசமா போட்டீங்களே?"

"நீ கேட்டுக் கேட்டு வாங்கித் தின்ன. வேணாம்னு நான் எப்படிச் சொல்றது?"

அருள்நாதன் நகர்ந்து கல்லில் இடம் விட்டான். இருவரும் தின்று முடித்தார்கள்.

உடம்பு ஒன்றும் சட்டென்று இறங்கிவிடவில்லை. டீக்குச் சர்க்கரையை விட்டான். ராத்திரிச் சோற்றைப் பாதியாக்கினான். எட்டு மாசத்தில் எழுபத்தாறு கிலோவுக்கு வந்து அங்கேயே நின்றது. அது போதும் என்று அவனும் விட்டுவிட்டான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் இரண்டு பரோட்டா.

அடுத்த வருஷம் மாதையனும் ஒரு தூக்குப் போசியோடு கிணற்றடிக்கு வந்து சேர்ந்தார். முனியப்பன் தலையில் அடித்துக்கொண்டார். "ரெண்டு பேரும் இங்க வந்து ஒக்காந்துட்டா பஸ்ஸை யாருய்யா பாத்துக்கறது?"