எர்மினியா சாலீனாஸின் கை

டெக்சஸின் தென்கோடியில், ஆற்றங்கரையில் இருக்கும் பால்மா சேகா ஊரில் நாற்பது வயதைத் தாண்டியவர்கள் எல்லோருடைய நெற்றியிலும் நர்ஸ் எர்மினியா சாலீனாஸின் வலது கை இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாது. தொட்டுப் பார்த்தால் இளஞ்சூடாக, ஐந்து விரலும் தனித்தனியாகத் தட்டுப்படும். தொப்பிக் கடைக்காரர் ரெய்முண்டோ அந்த வயதுக்காரர்கள் வந்தால் கேட்காமலே ஓர் அளவு பெரிதாக எடுத்துப் போடுவார். அந்த வயதில் நெற்றியில் கை இல்லாதவள் ஊரில் ஒருத்திதான்: எர்மினியாவின் மகள் நியெவெஸ்.

எர்மினியா வேலைக்குச் சேர்ந்த காலத்தில் ஆஸ்பத்திரி டாக்டர்கள் எல்லோரும் வடக்கேயிருந்து வந்த வெள்ளைக்காரர்கள். கட்டிலில் கிடந்தவர்களோ வெங்காயமும் பருத்தியும் பறிக்கப் போன இடத்தில் சுருண்டு விழுந்தவர்கள். ஸ்பானிஷ் தவிர வேறு பேச்சு அறியாதவர்கள். காலை எடுக்கப் போகிறார்கள், பிள்ளை தங்காது, வீட்டுக்காரர் விடியுமுன் போய்விடுவார் என்பதையெல்லாம் அவர்கள் பேச்சில் சொல்ல வேண்டியவள் எர்மினியா. சொல்லிவிட்டு நெற்றியில் கை வைப்பாள். கை அங்கேயே தங்கிவிடும். அந்தச் சீமையில் ஒரு வழக்கமும் உண்டு. ஒரு குழந்தையை ஆசையாகப் பார்த்தவர் அதைத் தொட்டுவிட்டுத்தான் நகர வேண்டும்; தொடாமல் போனால் கண் பட்டுக் காய்ச்சல் வரும், பார்த்தவரே வந்து கை வைத்தால்தான் இறங்கும். டாக்டர்கள் இது தெரியாமல் குழந்தையைப் புகழ்ந்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவார்கள். தாய்மார்கள் பதறுவார்கள். எர்மினியா டாக்டரின் கோட்டைப் பிடித்து இழுப்பாள்.

"பாத்தீங்கல்ல டாக்டர், தொட்டுட்டுப் போங்க."

"இன்னும் வரிசையா கெடக்குதேம்மா!"

"அப்ப ரசிக்காமப் பாருங்க. உங்களுக்கும் சேத்து நானே தொட்டுத் தொலைக்க வேண்டியிருக்கு."

உண்மையிலேயே அவர்களுக்கும் சேர்த்துத் தொட்டாள். அதற்கு உடனே பலன் இருந்தது. பார்த்தவரின் சார்பில் தொடுகிறோம் என்று அவர் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டுத் தொட்டதால் அது செல்லும் என்று தாய்மார்கள் ஏற்றுக்கொண்டார்கள்.

நியெவெஸ் பிறந்தபோது தகப்பன் மிச்சிகனுக்குச் செர்ரி பறிக்கப் போய் அங்கேயே தங்கிவிட்டிருந்தான். எர்மினியாவைக் காசநோய்ப் பிரிவுக்கு மாற்றினார்கள். நோயைத் தன்னோடு வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவோமோ என்ற பயத்தில் அவள் குழந்தையைத் தன் அக்கா துலாவின் கையில் விட்டாள். தினமும் வேலை முடிந்து வந்து வாசற்படியில் நின்று மகளைக் கண் நிறையப் பார்ப்பாள்; பார்த்துவிட்டுப் பின்கட்டுக்குப் போய்ப் படுத்துக்கொள்வாள். குழந்தை நடக்கத் தொடங்கிய கோடையில் அதற்குக் காய்ச்சல் கண்டது. அந்தக் காய்ச்சல் பிறகு இறங்கவே இல்லை. நெஞ்சைப் படம் எடுத்தார்கள், சுத்தமாக இருந்தது. எர்மினியா நம்பவில்லை. வாசற்படியிலிருந்து முற்றத்துக்கும், முற்றத்திலிருந்து வேலிப் படலுக்கும் தள்ளிப் போய் நின்று, முன்னைவிட ஆசையாகப் பார்த்தாள். நியெவெஸ் காய்ச்சலோடு பள்ளிக்கூடம் போனாள், காய்ச்சலோடு வயதுக்கு வந்தாள். அவள் பிசைந்த ரொட்டி மாவு பாத்திரத்தை விட்டு வெளியே பொங்கியது. மழை நாளில் அண்டை வீட்டார் குழந்தைத் துணியை அவள் தோளில் போட்டுக் காயவைத்து வாங்கிப் போனார்கள்.

அதே வருஷங்களில் எர்மினியாவின் கை தேய்ந்துகொண்டு வந்தது. முதலில் வெங்காயச் சருகு போல ஆனது. மருந்துக் குப்பியைப் பிடித்தால் உள்ளங்கை வழியாகவே எழுத்தை வாசிக்க முடிந்தது. இடது கையையும் பயன்படுத்தத் தொடங்கியதில் அதுவும் அந்த வழியே போனது. மணிக்கட்டுக்குக் கீழே ஒன்றும் இல்லாமல் போன வருஷம் ஆஸ்பத்திரி அவளுக்கு ஓய்வு கொடுத்தது. அவள் வீட்டில் உட்கார்ந்த முதல் வாரத்தில் துலா பீன்ஸ் ஆய்ந்துகொண்டே சொன்னாள்:

"ஊர்ல ஒவ்வொருத்தர் கண்ணையும் சந்தேகப்பட்டேனே எர்மினியா. வேலிகிட்ட நின்னு இவள முழுங்கற மாதிரி பாத்தது யாருடி?"

எர்மினியா இரண்டு சட்டைக் கைகளையும் தூக்கிப் பார்த்தாள். அவை காலியாகத் தொங்கின. மகளின் நெற்றியில் கன்னத்தை வைத்தாள், முத்தமிட்டாள், முழங்கையை வைத்துத் தேய்த்தாள். காய்ச்சல் அப்படியே இருந்தது.

"ஊருக்கெல்லாம் கை," என்றாள் நியெவெஸ். "எனக்கு மட்டும் வேலிப் படலா, அம்மா?"

அதன் பிறகு இருவரும் ஒரே வீட்டில், அதிகம் பேசாமல், பல வருஷம் இருந்தார்கள். நியெவெஸ் தாய்க்குச் சோறூட்டினாள், தலை வாரினாள். ஒவ்வொரு நாளும் அந்தச் சட்டைக் கைகளை மடித்து ஊசி குத்தும்போது அவளுக்கு ஆத்திரம் வரும். குத்தி முடித்ததும் அழுகை வரும்.

டாக்டர்களின் படங்கள் மட்டுமே தொங்கிய ஆஸ்பத்திரிக் கூடத்தில் ஒரு நர்ஸின் படமும் வேண்டும் என்று புது அதிகாரி ஒருவருக்குத் தோன்றியது. எர்மினியாவை மேடைக்கு அழைத்துக் கைகுலுக்கப் போனார். வெறும் துணியைப் பிடித்துக் குலுக்கினார். கூட்டம் எழுந்து நெற்றியைத் தொட்டுக்கொண்டது. நியெவெஸ் மட்டும் கைகளை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள்.

அந்தக் குளிர்காலத்தில் எர்மினியா இறந்தாள். துலா ஊராரிடம் கண் பட்ட விஷயத்தைச் சொல்லியிருந்தாள். துக்கத்துக்கு வந்தவர்கள் பெட்டியைப் பார்த்துவிட்டு நியெவெஸ் முன்னால் வரிசையில் நின்றார்கள். முதலில் ரெய்முண்டோ தொப்பியைக் கழற்றினார்.

"குனிம்மா. எங்கிட்ட இருக்கறது உங்கம்மா கைதானே. எடுத்துக்க."

நெற்றியோடு நெற்றி பட்டது. நியெவெஸுக்கு அந்த விரல்கள் தெரிந்தன. சுண்டுவிரல் சற்று வளைந்திருந்தது கூடத் தெரிந்தது. காய்ச்சல் நழுவி இறங்கத் தொடங்கியது. அதோடு சேர்ந்து வேறொன்றும் இறங்குவதை உணர்ந்து அவள் வெடுக்கென்று பின்வாங்கினாள்.

"போதும், மாமா."

"ஏம்மா, இன்னும் இத்தன பேரு நிக்கிறமே?"

"இது எங்கம்மா என்னப் பாத்த பார்வை. உங்க யாருகிட்டயும் இல்லாதது. இதையும் எறக்கிட்டா எங்கிட்ட என்ன இருக்கும்?"

ஒருவரும் வற்புறுத்தவில்லை. காப்பி குடித்தார்கள், ஜெபமாலை சொன்னார்கள், கலைந்து போனார்கள்.

நியெவெஸுக்கு இப்போது அறுபது நெருங்குகிறது. காய்ச்சல் இருக்கிறது. குளிர்ந்த வடக்குக் காற்று வீசும் ஞாயிற்றுக்கிழமைகளில் மாதா கோயிலில் அவள் உட்காரும் பெஞ்சுதான் முதலில் நிறைகிறது.