மேயர் பொம்மையின் மற்றக் கண்

1.

இந்தக் கதை எனக்கு ஜெர்மனியின் டோர்ட்மண்டில், வயதுக்கு வந்த பிள்ளையொன்றின் சாமத்தியவீட்டில், பொரித்த ரோல்ஸ் வாங்கும் வரிசையில் நின்றபோது கிடைத்தது. முன்னால் நின்ற உருத்திரமூர்த்தி அண்ணை, "எனக்குத் தெரிஞ்ச ஒராளுக்கு நடந்தது" என்று தொடங்கினார். வரிசை நகர்வதற்குள் அந்த ஒராள் அவராகிவிட்டார்.

கதை ஜப்பானியப் பெருநகர் ஒன்றின் மேயர் தேர்தலைப் பற்றியது. நான் ஜப்பானுக்குப் போனதில்லை. பக்கத்திலிருக்கிற ஆஹெனுக்கே இரண்டு தரம்தான் போயிருக்கிறேன், அதில் ஒன்று ரயில் மாறி ஏறியதால்.

2.

முதல் தொடக்கம்: "2007 ஏப்ரல். செர்ரிப் பூக்கள் சொரிய, வேட்பாளர் வெள்ளைக் கையுறையை அசைத்தபடி—"

வேண்டாம். கையுறை தொலைக்காட்சியில் பார்த்தது.

இரண்டாவது: உருத்திரமூர்த்தி டுசல்டோர்ஃபில் மொரித்தா என்ற ஜப்பானியரின் சாப்பாட்டுக் கடையில் எட்டு வருடமாகச் சோறு அவிக்கிறார். மொரித்தாவின் தம்பி ஊரில் மேயருக்கு நிற்கிறார். (நகரத்தின் பெயரை எழுதி வெட்டிவிட்டேன். அங்கே உண்மையான மேயர் ஒருவர் இருப்பார். அவருக்கு ஏன் என்னால் கரைச்சல்.) தம்பி வென்றால் மொரித்தா கடையைப் பூட்டிவிட்டு அவருக்குத் துணையாகப் போய்விடுவார். ஐம்பத்தாறு வயது உருத்திரமூர்த்திக்கு அதன்பிறகு யார் வேலை கொடுப்பார்கள்?

காசுமேசைக்கு மேலே, சுவர்த்தட்டில், உருண்டையாக ஒரு சிவப்புப் பொம்மை. அதற்கு ஒரு கண்தான்.

3.

தேர்தலுக்கு முதல்நாள் உருத்திரமூர்த்தி அதைத் தூசி தட்டினார். கோயிலில் சிலைக்குக் கண் திறப்பதுதான் கடைசி வேலை. யாரோ பாதியில் விட்டுவிட்டுப் போய்விட்டான் என்று பாவப்பட்டு, கறுப்பு மார்க்கரால் மற்றக் கண்ணையும் திறந்தார். கையோடு கும்பிட்டும்விட்டார்.

பரிமாறுகிற மரியமலர் கண்டுவிட்டாள்.

"அண்ணை, என்ன செய்துபோட்டியள்? நேத்தி வைக்கேக்க ஒரு கண், தம்பி வெண்டாப்பிறகுதான் மற்றக் கண் கீறுறது. முதலே கீறினா நடக்காதெண்டு முதலாளி சொன்னவர்."

"நடக்காட்டி?"

"நடக்காட்டிக் கடை பூட்டாது. உங்களுக்கு நல்லந்தானே."

"விசர்க்கதை கதையாதை தங்கச்சி."

(எனக்கும் இந்த இடத்தில்தான் சந்தேகம். உண்மையிலேயே அவருக்குத் தெரியாதா? வரிசையில் வைத்தே கேட்டேன். "சோஸ் முடியப்போகுது" என்று எட்டிப் பார்த்தார்.)

4.

ஞாயிறு மதியம். அங்கே இரவு, வாக்கு எண்ணுகிறார்கள். மொரித்தா மடிப்புக் குலையாத சேட்டோடு வந்து, மேலே பார்க்காமல், கண் கீறத் தூரிகை எடுக்க உள்ளே போனார். மரியமலர் நகப்பூச்சு நீக்கியில் பஞ்சை நனைத்து நீட்டினாள்.

"துடையுங்கோ அண்ணை, கெதியா."

"திறந்த கண்ணை எப்பிடி மூடுறது? ஏலாது."

"அப்ப உள்ளுக்க நிக்கிற அந்த மனுசன்?"

டெலிபோன் அடித்தது.

முடிவு அ: துடைக்கிறார். தம்பி வெல்கிறார். மொரித்தா கண் கீறி, அழுது, உருத்திரமூர்த்தியைக் கட்டிப்பிடித்துவிட்டுக் கடையைப் பூட்டுகிறார்.

முடிவு ஆ: துடைக்கவில்லை. தம்பி தோற்கிறார். வேலை மிஞ்சும், ஆனால் எட்டு வருடம் ஒரே மேசையில் குடித்த தேத்தண்ணியை இனி இருவரும் தனித்தனியே குடிப்பார்கள்.

முடிவு இ: பொம்மைக்கும் வாக்குக்கும் ஒரு தொடுசலும் கிடையாது. இதை எழுதினால் என்னை இனி ஒருவரும் சாமத்தியவீட்டுக்குக் கூப்பிடமாட்டார்கள்.

என்னதான் நடந்தது என்று அண்ணை சொல்லவில்லை. அவருடைய முறை வந்தது, தட்டை நீட்டிவிட்டார்.

நானோ கோழை. பஞ்சு காய்ந்துகொண்டிருக்கிறது, உள்ளே மொரித்தாவின் காலடி கேட்கிறது. இந்தாருங்கள், பஞ்சை நீங்களே பிடியுங்கள். கொஞ்சம் மணக்கும்.